பையிலை எழுதியிருக்கு

இல்லைத் தம்பி, சனிக்கிழமைக்குள்ளை ஏலாது. சனிக்கிழமை எண்டில்லை, இனி இந்த வருசத்துக்கே ஏலாது. ஒக்டோபர் கடைசியிலை இந்த வினிப்பெக்கிலை கொங்கிறீற்றிலை கை வைக்கிறவன் ஒண்டில் விசரன், இல்லாட்டி நான். ரெண்டுமா இருந்து பாத்த ஆள் சொல்லுறன், மே மாசம் கூப்பிடுங்கோ.

உங்கடை பற்றியோவுக்கு, இந்தப் பின்வளவுச் சீமெந்துத் தளத்துக்கு, பெரிய வருத்தம் ஒண்டும் இல்லை. இந்தா, சுத்தியலாலை தட்டிக் காட்டுறன், கேளுங்கோ. இஞ்சை 'டங்' எண்டு கேக்குதல்லோ, அது நல்ல இடம். இந்த மூலையிலை 'டொப்' எண்டுது. உது கீழை விட்டிட்டுது, மேலை ஒரு விரல் மொத்தத்துக்குப் பொருக்குப் போலை கிளம்பி நிக்குது. தண்ணி உள்ளை போறது, உறையிறது, வீங்கிறது, உடைக்கிறது. ஒரு வருசத்திலை எத்தினை தரம் எண்டு நினைக்கிறியள்? அதோடை நீங்கள் வழுக்குமெண்டு உப்பையும் அள்ளி எறிஞ்சிருக்கிறியள். இல்லையெண்டு சொல்லாதேங்கோ. உப்புத் திண்டவன் தண்ணி குடிப்பான் எண்டது மனுசருக்கு மட்டும் சொன்னதெண்டு நினைச்சியளோ? கொங்கிறீற்றும் குடிக்கும்.

உங்கடை மாமனார் ரொறன்ரோவிலை இருந்து முதல்தரம் வீடு பாக்க வாறார், தளம் இந்தக் கோலத்திலை கிடந்தால் என்ன நினைப்பார் எண்டு கேக்கிறியள். தம்பி, அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. அதே கேள்வி, அதே ஒக்டோபர். இருங்கோ, இந்தத் தேத்தண்ணி முடியிறதுக்குள்ளை சொல்லி முடிச்சிடுறன். வான் வண்டிக்குள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு இருக்கிறவரைக் கூப்பிட வேண்டாம், அவர் ஏதோ வாசிச்சுக்கொண்டிருக்கிறார். வாசிச்சு முடியாமல் இறங்கமாட்டார்.

நான் அடிப்படையிலை மேசன். அளவெட்டியிலை பழகி, சவூதியிலை ஒன்பது வருசம் செய்து, பிறகு கனடா வந்து ஸ்காபரோவிலை பாண் பக்டரியிலை இருவத்திரண்டு வருசம் மாக் குழைச்சனான். அங்கையும் குழையல்தான், இஞ்சையும் குழையல்தான். ஆனால் பாணைத் தட்டிப் பாத்து ஒருத்தரும் 'ஆர் மேசன்?' எண்டு கேக்கிறதில்லை. அதாலை எனக்குள்ளை இருந்த மேசன் இருவத்திரண்டு வருசம் ஒரு சொல்லுக் கேக்காமல் பசிச்சுக்கிடந்தான் எண்டு வையுங்கோவன்.

எனக்கு ஒரே பிள்ளை, நிரோசா. அவளைக் கட்டிக்குடுத்த இடம் இந்த ஊர். சம்மந்தி அருளம்பலத்தார் யாழ்ப்பாணம் கச்சேரியிலை முப்பது வருசம் இருந்த மனுசன். கச்சேரி எண்டால் தெரியுந்தானே, அரசாங்க ஒஃபிஸ், கடுதாசிதான் சீவியம். அந்த ஆள் ஒரு சூப் பெட்டி வாங்கினாலும் பின்பக்கத்தை முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் தண்ணி கொதிக்க வைப்பார். நல்ல மனுசன், குறை சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு அவரிலை ஒரு கோவம் இருந்தது. இருந்தது எண்டால், கலியாணத்தண்டைக்குத் தொடங்கி ரெண்டு வருசமா நெஞ்சுக்குள்ளை கிடந்து அரிச்சுக்கொண்டிருந்தது.

என்னெண்டால், கலியாண மண்டபத்திலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு மேசையாப் போறார். போய், "இவர்தான் எங்கடை சம்மந்தி, சவூதியிலை இஞ்சினியரா இருந்தவர்" எண்டு சொல்லுறார். ஒரு மேசை இல்லைத் தம்பி, பதினெட்டு மேசை. எனக்குக் காதெல்லாம் சுட்டுது. மேசன் எண்டு சொல்ல இந்தாளுக்கு வெக்கம், அதுதான் இஞ்சினியர் ஆக்கிறார் எண்டு விளங்கிச்சுது. தேப்பனைச் சொல்லவே கூசிற வீட்டிலை என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சிருப்பினம்? ஏதும் ஒரு கொழுவல் வந்தால் 'மேசன்ரை மகள்' எண்டு முகத்திலை எறியமாட்டினமோ? இரவிலை நித்திரை இல்லை. என்ரை மனுசி சொன்னா, அவையள் பிள்ளையைத் தங்கம் மாதிரி வைச்சிருக்கினம், நீங்கள் சும்மா கிடவுங்கோ எண்டு. சும்மா கிடக்கத் தெரிஞ்சிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிள்ளைக்குப் பேறுகாலம் எண்டு நானும் மனுசியும் இஞ்சை வந்து சேர்ந்தம், கிட்டடியிலை ஒரு பேஸ்மென்ற் எடுத்து. பேரன் பிறந்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கிறதுக்கு நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு. சம்மந்தி வீட்டு ஹோலிலை பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. கதவுக்கு அங்காலை பற்றியோ. தம்பி, அதைப் பாத்தால் உங்கடை தளம் அரண்மனை. இருவது குளிர்காலம் திண்டு, கல்லெல்லாம் வெளியிலை பல்லுக் காட்டிக்கொண்டு கிடந்துது. நாப்பது பேரும் பலகாரத் தட்டோடை அந்தக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டுதான் சாப்பிடப்போகினம். எனக்கு அந்த இடத்திலையே புத்தி வந்துது. புத்தி எண்டுதான் அப்ப நினைச்சன்.

இதை நான் செய்துபோட்டால், இந்த மேசன் ஆரெண்டு இந்த வீட்டுக்குத் தெரியும். பிறகு ஒருத்தரும் என்னை மறைக்கத் தேவையில்லை. என்ரை பிள்ளையும் தலை நிமிந்து இருக்கலாம்.

நிரோசா சொன்னவள். "அப்பா, மே மாசம் மாமா ஆக்களைப் பிடிச்சுச் செய்விப்பார், நீங்கள் பேரனைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருங்கோ" எண்டு. உன்ரை அப்பன் என்ன ஆளில்லையோ எண்டு கேட்டன். அவள் அதுக்குப் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. என்ரை பிள்ளை எனக்கு முன்னாலை கதைக்காமல் விட்டால் நான் வெண்டதெண்டு கணக்கு.

மூண்டு நாள் வேலை. இதிலை நான் பொய் சொல்லேல்லைத் தம்பி, வேலை திறம். விட்டுப்போனதெல்லாம் கொத்தி எடுத்தன். தூசு ஒரு சொட்டு இல்லாமல் கழுவினன். ஈரமாக்கி, சீமெந்துக் கூழ் பூசி, அதுக்கு மேலை சாந்து போட்டு, மட்டப்பலகை பிடிச்சு இழுத்து, முழங்காலிலை நிண்டு மேசன் கரண்டியாலை மினுக்கினன். இருவத்திரண்டு வருசத்துக்குப் பிறகு கை மறக்கேல்லை. கை மறக்கேல்லை எண்ட சந்தோசத்திலை தலை மற்றதெல்லாத்தையும் மறந்துபோச்சு.

அருளம்பலத்தார் குளிர்ச்சட்டையோடை கதிரை போட்டுப் பக்கத்திலை இருந்தார். மடியிலை சீமெந்துப் பை. வாசிக்கிறார். இங்கிலீசிலை ஒருக்கா வாசிச்சுப்போட்டு, எனக்கு விளங்காதெண்டு கச்சேரித் தமிழிலை மொழிபெயர்க்கிறார். "சம்மந்தி, பையிலை எழுதியிருக்கு. வளியின் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழிறங்குமென எதிர்பார்க்கப்படுமிடத்து இதனைப் பிரயோகித்தலாகாது."

நான் நிமிரேல்லை. "பையிலை எழுதிறவன் பை விக்கிறவன், சம்மந்தி. சீமெந்தைத் தெரிஞ்சவன் பை வாசிக்கிறேல்லை" எண்டன்.

அவர் பையை மற்றப் பக்கம் திருப்பினார். பிறகு, "மேற்பரப்பு ஈரமாயிருக்கையில் தும்புத்தடியினால் இழுத்துச் சொரசொரப்பாக்குதல் வேண்டும். வழுக்குதலைத் தவிர்க்கும் பொருட்டு."

தும்புத்தடி! வீடு கூட்டிற தும்புத்தடி! நான் மினுக்கி முகம் பாக்கிற மாதிரி விட்டிருக்கிறன், இந்தாள் அதைத் தும்புத்தடியாலை கீறச் சொல்லுது. எனக்கு வந்த கோவத்துக்கு இன்னும் ரெண்டு தரம் மினுக்கினன். அவர் பிறகு வாசிக்கேல்லை. பையை மடியிலை வைச்சுக்கொண்டு என்ரை கையையே பாத்துக்கொண்டிருந்தார். வேலையின்ரை வடிவிலை மனுசன் வாயடைச்சுப்போனார் எண்டு நான் நினைச்சன்.

இனித்தான் முக்கியமான இடம். மூண்டாம் நாள் பின்னேரம் தொட்டுப் பாத்தன், இறுகியிருந்துது. இறுகினால் எங்கடை ஆக்கள் என்ன செய்வினம்? சொல்லுங்கோ, நீங்களும் ஊரிலை பிளாற் கூரை போட்ட வீடு பாத்திருப்பியள். சுத்தவர வரம்பு கட்டித் தண்ணி விட்டு நிறைச்சு வைப்பினம். ஏழு நாள். சீமெந்து கைப்பிள்ளை மாதிரி, குடிக்கக் குடிக்கத்தான் பலம் பிடிக்கும். சவூதியிலை அம்பது பாகை வெயில். எங்கடை எகிப்துக்காரப் போர்மன் விடிஞ்சதிலை இருந்து பொழுதுபடுமட்டும் கத்திறது ஒரே ஒரு சொல்லு: மோயா, மோயா. தண்ணி, தண்ணி. ஒன்பது வருசமா எனக்கு ஓதின வேதம் அது.

நான் வரம்பு கட்டினன். வினிப்பெக் களிமண் இருக்கே, வரம்பு கட்டவெண்டே கடவுள் படைச்ச மண். நாலு விரல் உயரத்துக்கு அச்சாக் கட்டி, குழாயைத் திறந்து விட்டன். தளும்பத் தளும்ப நிறைஞ்சு நிண்டுது.

சம்மந்தி கதவுக்குள்ளை நிண்டு சொன்னார், இரவைக்கு மைனஸ் ஒன்பதாம் எண்டு. மண்ணுக்குள்ளை சூடு இருக்கு, நீங்கள் பயப்பிடாதேங்கோ எண்டன். நான் சவூதி மண்ணைச் சொன்னனானோ, எந்த மண்ணைச் சொன்னனானோ, எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை. இருவத்திரண்டு வருசம் கனடாவிலை பனி தள்ளின மனுசன் தம்பி நான். தண்ணி உறையும் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் அது காரிலை உறையும், றோட்டிலை உறையும். நான் கட்டின வரம்புக்குள்ளையும் உறையும் எண்டு நான் நினைக்கேல்லை.

விடிய நிரோசாவின்ரை ஃபோன். "அப்பா, வாங்கோ" எண்டு மட்டும் சொன்னாள்.

போய்ப் பாத்தன். கண்ணாடி. நான் மினுக்கின கண்ணாடிக்கு மேலை இன்னொரு கண்ணாடி. நாலு விரல் மொத்தம், மூலைக்கு மூலை, ஒரு சுருக்கம் இல்லாமல் உறைஞ்சுபோய்க் கிடக்குது. மட்டம் பிடிச்சால் மயிரிழை பிசகாது. அதுக்குள்ளை என்ரை புதுச் சாந்து, முதல் நாள் பிறந்த பிள்ளை, பச்சைத்தண்ணியோடை விறைச்சுச் செத்துக் கிடக்குது. எனக்கு விளங்கிப்போச்சு. மேசனுக்கு விளங்காதோ? உறைஞ்ச சாந்து பிடிக்காது. ஐஸ் உருகிற அண்டைக்கு அது அப்பளம் மாதிரிக் கழண்டு வரும். சம்மந்தி சாரத்துக்கு மேலை குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு வரம்பிலை நிக்கிறார். கண்ணாடிக் கதவுக்கு அங்காலை நிரோசா பிள்ளையை நெஞ்சோடை அணைச்சபடி நிக்கிறாள். நான் என்ன சொல்லப்போறன் எண்டு ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.

அந்த நேரம் பாத்து வேலிக்கு மேலாலை ஒரு தலை. பக்கத்து வீட்டு வால்ரர். எழுவது வயசு வெள்ளைக்காரன், நல்ல மனுசன். அவர் எங்கடை பற்றியோவைப் பாக்கிறார், வாயைத் திறந்தபடி பாக்கிறார். பிறகு சொல்லுறார், நாப்பது வருசமாத் தன்ரை வளவிலை பேரப்பிள்ளையளுக்கு ஸ்கேற்றிங் தளம் போடுறாராம், ஒரு வருசமும் இவ்வளவு மட்டமா வந்ததில்லையாம், அதுவும் நவம்பர் பிறக்க முதல். ஆர் செய்தது எண்டு கேட்டார்.

இஞ்சத்தை வெள்ளைக்காரர் அப்பிடித்தான் தம்பி, வளவிலை வரம்பு கட்டித் தண்ணி விட்டு உறைய விட்டு, அதிலை பிள்ளையளை ஸ்கேற்றிங் விடுவினம். எனக்கு அது தெரியாது. அருளம்பலத்தார் கதவைத் திரும்பி ஒருக்காப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார். பாத்துப்போட்டு வால்ரருக்குச் சொன்னார், இவர்தான் செய்தது, எங்கடை பேரனுக்கு எண்டு.

வால்ரர் என்னைப் பாத்தார். நான் தலையை ஆட்டினன்.

அந்த ஒரு தலையாட்டல். அதுக்குப் பிறகு அஞ்சரை மாசம் நான் பட்ட பாடு இருக்கே, வேலியாலை போன ஓணானைப் பிடிச்சுக் காதுக்குள்ளை விட்டவன் படமாட்டான். முப்பத்தொண்டுக்கு நாப்பது பேரும் வந்தினம். பலகாரத் தட்டோடை கண்ணாடிக்கு முன்னாலைதான் நிண்டினம், நான் நினைச்ச மாதிரியே. "பேரனுக்கு முப்பத்தொரு நாளிலையே ஸ்கேற்றிங் தளமோ?" எண்டு ஒரு மனுசி கேட்டா. "இஞ்சினியர் மூளை எண்டால் சும்மாவே" எண்டு அவவின்ரை மனுசன் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறது எண்டுவினமே, நான் முழுப் பற்றியோவை ஐஸுக்குள்ளை மறைச்சுப்போட்டு லட்டுச் சாப்பிட்டுக்கொண்டு நிண்டனான்.

வால்ரர் விடேல்லை. பேரப்பிள்ளையளோடை வந்தார், ஹொக்கி வலை கொண்டுவந்து வைச்சார், சம்மந்திக்குத் தன்ரை பழைய ஸ்கேற்றுச் சப்பாத்துக் குடுத்தார். அறுவத்தெட்டு வயசு மனுசன், குரங்குத் தொப்பியும் மஃப்ளரும் கட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் பிடிச்சுத் தள்ளித் தள்ளி என்ரை பிழைக்கு மேலை வழுக்கப் பழகினார். ரெண்டு தரம் விழுந்தார். இடையிலை ஒருக்கா வெயில் எறிச்சு ஐஸ் இளகப் பாத்துது. பொழுதுபடேக்கை போய்ப் பாக்கிறன், மனுசன் குசினியிலை இருந்து வாளி வாளியாத் தண்ணி காவி ஊத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தளவுக்கு விளையாட்டுப் பயித்தியம் பிடிச்சிட்டுது எண்டு நான் நினைச்சன் தம்பி. உண்மையாத்தான் நினைச்சன்.

சொல்லுவம் எண்டு எத்தினை நாள் போனனான். படியிலை வைச்சுச் சொல்லிப் பாப்பன்: சம்மந்தி, உது ஸ்கேற்றிங் தளமில்லை, என்ரை விசர்த்தனம் எண்டு. கதவு திறபடும். நிரோசா பேரனைத் தருவாள். அவளின்ரை மாமியார் தேத்தண்ணி தருவா. இவையளுக்கு முன்னாலை இதைச் சொன்னால் என்ரை பிள்ளையின்ரை தலை குனியுமே எண்டு தேத்தண்ணியோடை சேர்த்து விழுங்கிப்போட்டு வந்திடுவன்.

கனடாவிலை இருக்கிற தமிழர் எல்லாரும் ஜனவரி பிறக்க, எப்ப வெயில் வரும் எண்டு கும்பிடுவினம். நான் ஒருத்தன்தான் குளிருக்கு நேத்தி வைச்சவன். பிள்ளையாரே, இந்த வருசம் ஒருக்கா வசந்தம் வராமல் பாத்துக்கொள், நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறன் எண்டன். மார்ச் கடைசி. ஊரெல்லாம் சிரிச்சுக்கொண்டு திரியுது, நான் கூரையாலை விழுற ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டு திரியிறன். ஒரு நாள் வளவிலை மிஞ்சிக்கிடந்த பனியை எல்லாம் சவளாலை அள்ளி ஐஸுக்கு மேலை குவிச்சுக்கொண்டு நிண்டன், கொஞ்ச நாளெண்டாலும் தாங்கட்டும் எண்டு. மனுசி வந்து பாத்துப்போட்டுத் திரும்பிப் போனா. வீட்டை போய் மகளுக்கு ஃபோன் எடுத்து, அப்பாவை டொக்டரிட்டைக் காட்டுவமோ எண்டு கேட்டிருக்கிறா.

ஏப்ரல் பதினொராம் திகதி விடிய சம்மந்தி கூப்பிட்டார். "வாங்கோ. வரேக்கை சுத்தியலையும் கொண்டு வாங்கோ" எண்டார்.

தேத்தண்ணியை அரைவாசியிலை வைச்சிட்டுச் சுத்தியலோடை வெளிக்கிட்டன்.

ஐஸ் போய்விட்டுது. தண்ணியும் வடிஞ்சுபோச்சு. நான் மூண்டு நாள் மினுக்கினது, நான் சொன்ன மாதிரியே, அப்பளம் அப்பளமாக் கழண்டு கிடந்துது. சப்பாத்தாலை தொட்டாலே வருது. இதிலை நான் செய்த கேவலத்தையும் சொல்லோணும். நான் முதல் சொன்ன சொல்லு என்ன தெரியுமோ? "ஸ்கேற்றுக் கத்தி வெட்டினதாலை வந்தது, சம்மந்தி" எண்டன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். நான் மேடையையும் கட்டிப்போட்டு, ஆடினவரிலை பழியைப் போட்டன்.

அவர் குளிர்ச்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டு ஒரு கடுதாசியை எடுத்தார். நாலா மடிச்சிருந்துது. விரிச்சார். அந்தப் பை. அந்தச் சீமெந்துப் பையை ஒக்டோபரிலை இருந்து ஏப்ரல் மட்டும் வைச்சிருந்திருக்கிறார். சரி, இனி வாசிக்கப்போறார் எண்டு நான் கண்ணை மூடினன். வாசிக்கட்டும், அவருக்கு அந்த உரித்து இருக்கு.

வாசிக்கேல்லைத் தம்பி. குனிஞ்சு, ஈரத்திலை அந்தப் பையை விரிச்சுப் போட்டார். "முழங்கால் நனையும், இதிலை குத்தி இருங்கோ" எண்டார்.

நான் நிண்டபடி நிண்டன். பிறகு என்னை அறியாமல் வந்துது. சம்மந்தி, நான் இஞ்சினியர் இல்லை, மேசன் எண்டன்.

"தெரியும்" எண்டார்.

தெரியுமெண்டால் ஏன் பதினெட்டு மேசைக்கும் இஞ்சினியர் எண்டு சொன்னனீங்கள் எண்டு கேட்டன். ரெண்டு வருசக் கோவம், குரலும் கொஞ்சம் கூடிப்போச்சு.

"அப்ப நம்பித்தான் சொன்னனான். நீங்கள்தானே சொன்னனீங்கள். சம்மந்தம் பேச வந்த அண்டைக்கு, உங்கடை வீட்டுச் சோபாவிலை இருந்து. சவூதியிலை சைற் இஞ்சினியர் எண்டு."

நானோ சொன்னனான்? ஓம், சொல்லியிருப்பன். சம்மந்தம் பேசேக்கை வாய் என்னதான் சொல்லாது. சொன்னதையும் மறந்துபோட்டு, அதை மரியாதையாத் திருப்பிச் சொன்ன மனுசனிலை ரெண்டு வருசம் கோவிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

"பிறகு நீங்கள் கரண்டி பிடிக்கேக்கை பாத்தனான்" எண்டார். "இஞ்சினியர்மார் முழங்காலிலை நிக்கமாட்டினம். கையும் அப்பிடி ஓடாது. அண்டைக்கே விளங்கிச்சுது."

அப்ப வால்ரருக்கு ஏன் ஸ்கேற்றிங் தளம் எண்டு சொன்னனீங்கள், என்னைக் காப்பாத்தவோ எண்டு கேட்டன்.

அவர் கண்ணாடிக் கதவைக் காட்டினார். "நிரோசாப் பிள்ளை அங்காலை நிண்டது, சம்மந்தி. பச்சை உடம்போடை, அழுதுகொண்டு நிண்டது. தேப்பனை ஊரான் பகிடி பண்ண அது பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

தம்பி, அந்தத் தண்ணி வாளி எல்லாம் எனக்கு அந்த இடத்திலைதான் விளங்கிச்சுது. ஒவ்வொரு வாளியும். அறுவத்தெட்டு வயசிலை விழுந்து எழும்பினது எல்லாம். இந்த வீட்டிலை என்ரை பிள்ளையை எப்பிடி வைச்சிருப்பினம் எண்டு கேட்டுக் கேட்டு நித்திரை இல்லாமல் கிடந்தனே, பதில் என்ரை கண்ணுக்கு முன்னாலை அஞ்சரை மாசம் கதிரை தள்ளிக்கொண்டு திரிஞ்சிருக்குது. நான் அந்தப் பையிலை முழங்காலைக் குத்தினன். குத்தி, குனிஞ்சபடி அழுதன். தட்டிப் பாக்கிற மாதிரிச் சுத்தியலாலை ரெண்டு தட்டும் தட்டினன், அழுறது தெரியக் கூடாதெண்டு. 'டொப்' எண்டுதான் கேட்டுது. அவர் அங்காலை திரும்பி வேலியைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

ஜூன் மாசம் ரெண்டு பேருமாச் செய்தம். அவர் வாசிச்சார், நான் செய்தன். தண்ணி கட்டேல்லை. பையிலை சொன்ன மாதிரி ஈரச் சாக்கு விரிச்சு மூடினம். தும்புத்தடி இழுக்கிறது அவரின்ரை வேலை. கோடெல்லாம் பாம்பு போன மாதிரிக் கோணல் மாணலா வந்திருக்கு. நல்லா இருக்கு எண்டுதான் நான் சொன்னன். மூண்டு குளிர் கண்டிட்டுது, ஒரு பொருக்குக் கிளம்பேல்லை. வால்ரர் பாத்துப்போட்டுத் தன்ரையையும் செய்யக் கேட்டார். பிறகு அவரின்ரை கூட்டாளி. இப்பிடித்தான் தொழில் தொடங்கினது. இப்ப நான் சொல்லுற நாள்தான் வேலை, சொல்லுற நேரம்தான் தொடக்கம். அவர் சரி எண்டால் நான் சொல்லுவன்.

உங்கடை மாமனார் வரட்டும். பொருக்கைக் காட்டுங்கோ, மே மாசம் செய்யிறதெண்டு சொல்லுங்கோ. மறைக்க வெளிக்கிட்டால் பிறகு ஸ்கேற்றிங் பழக வேண்டி வரும், அதுவும் நீங்கள் பழகமாட்டியள், அவர்தான் பழகுவார்.

அந்தா, இறங்கிட்டார். வாங்கோ சம்மந்தி. ஓம், அந்தத் தெர்மாமீற்றரை நிலத்திலை வையுங்கோ. எவ்வளவு? ஆறோ? பாத்தியளோ தம்பி, நான் வந்த உடனையே சொன்னனான்.

சம்மந்தி, இவர்தான் அந்தத் தம்பி. கொஞ்சம் பொறுங்கோ தம்பி, அவர் உங்களுக்கு என்னை ஆரெண்டு சொல்லுறார், கேளுங்கோ. ம்... கேட்டியளோ? 'இவர்தான் மேசன் பசுபதி, நான் இவருக்குப் பை வாசிக்கிற ஆள்' எண்டார்.

சம்மந்தி, இன்னும் ஒருக்காச் சொல்லுங்கோ. தம்பிக்கு வடிவாக் கேக்கேல்லை.